வீட்டில் செய்யும் ஸ்பிரேயர்: மோட்டாரை விடுங்கள், முதலில் நாசிலைப் பாருங்கள்

பழைய கேன் ஒன்று, எதிலிருந்தோ கழற்றிய மோட்டார், ஒரு பேட்டரி, கொஞ்சம் ஹோஸ். இவ்வளவு கையில் இருந்தால் மருந்தடிக்கும் மெஷினை நாமே செய்துவிடலாம் என்று தோன்றும். செய்யலாம்தான். ஆனால் இதைப் பற்றி நடக்கிற பேச்சில் முக்கால்வாசி, "எவ்வளவு பிரஷர் வருது, எத்தனை அடி பீச்சுது" என்பதோடு முடிந்துவிடுகிறது. இருபதடி பீச்சினால் நல்ல ஸ்பிரேயர், பத்தடி பீச்சினால் சுமார் என்று ஒரு கணக்கு. வண்டி கழுவ அந்தக் கணக்கு சரி. பயிருக்கு மருந்தடிக்க அது கிட்டத்தட்ட தலைகீழ்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். காரின் முன்கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் குட்டி மோட்டார் ஒன்று சும்மா கிடந்தது. கண்ணாடி வரைக்கும் இவ்வளவு வேகமாக அடிக்கிறதே, இதையே கேனில் மாட்டினால் என்ன என்று மாட்டினேன். ஐந்தாறு நிமிடம் ஓடியது, அப்புறம் பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தது, நின்றது. ஒரு தடவைக்குச் சில விநாடி மட்டும் ஓடுவதற்காகச் செய்த மோட்டார் அது என்பது அதைக் கொன்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. தப்பு மோட்டாரில் இல்லை. எந்த வேலைக்கு என்று கேட்காமல் பொருளை முதலில் எடுத்துக்கொண்டதுதான் தப்பு.

பிரஷர் பம்புக்குள் இருப்பதில்லை

ஊசி மாட்டாத சிரிஞ்சில் தண்ணீரை இழுத்து அமுக்கிப் பாருங்கள். தண்ணீர் தடையில்லாமல் ஓடிவிடும், விரலுக்கு ஒன்றும் தெரியாது. ஊசியை மாட்டிக்கொண்டு அதே வேகத்தில் அமுக்கினால் கட்டைவிரல் வலிக்கும். விரலும் மாறவில்லை, சிரிஞ்சும் மாறவில்லை. வெளியேறும் ஓட்டை மட்டும் சின்னதாகிவிட்டது.

பம்பும் அப்படித்தான். அது தண்ணீரைத் தள்ளுகிறது, அவ்வளவே. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்பதை ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். போகிற வழியில் தடை வரும்போதுதான் பிரஷர், அதாவது அழுத்தம், உண்டாகிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ எடையை வைத்தால் எவ்வளவு அமுக்குமோ அது 1 பார். சில மீட்டர்களில் பிஎஸ்ஐ என்று போட்டிருக்கும். 1 பார் என்பது சுமார் 14.5 பிஎஸ்ஐ.

இங்கேதான் பெரிய குழப்பம் ஒன்று ஒளிந்திருக்கிறது. பம்பின் மேல் "4 லிட்டர், 7 பார்" என்று ஒட்டியிருந்தால், 7 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 4 லிட்டர் வரும் என்று நம்மில் பெரும்பாலானோர் படிக்கிறோம். அப்படி இல்லை. இப்படிப்பட்ட சின்ன பம்புகளில் 4 லிட்டர் என்பது ஹோஸைத் திறந்துவிட்டு, தடையே இல்லாமல் ஓடும்போது வருவது. 7 பார் என்பது வாயை முழுக்க அடைத்தால் எட்டுகிற உச்சம், அப்போது ஓட்டம் பூஜ்யம். நிஜத்தில் நாம் வேலை செய்வது இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ ஓரிடத்தில். அந்த இடம் எது என்பதைப் பம்ப் தனியாகத் தீர்மானிப்பதில்லை, மருந்து வெளியேறும் முனையில் மாட்டுகிற நாசில்தான் பிடித்து நிறுத்துகிறது.

நாசில் உண்மையில் செய்வது என்ன

நாசில் என்றால் ஓட்டை போட்ட மூடி என்று நினைப்பவர்கள் மூடியில் ஊசியால் குத்தி ஸ்பிரே செய்யப் பார்ப்பார்கள். ஓட்டையிலிருந்து வருவது ஒரு தாரை. நாசிலிலிருந்து வருவது ஒரு படலம். குறுகலான பிளவு வழியாகத் தண்ணீர் நெருக்கிக்கொண்டு வெளியே வரும்போது விசிறி போல விரிகிறது, விரிய விரிய மெலிகிறது, ஒரு கட்டத்துக்கு மேல் மெலிய முடியாமல் கிழிந்து துளிகளாக உடைகிறது. தட்டை விசிறி நாசிலில் நடப்பது இது. இன்னொரு வகையில், தண்ணீர் உள்ளேயே ஒரு சுழற்றியில் சுற்றிக்கொண்டு வந்து, நடுவில் காலியான கூம்பாக விரியும். தரையில் சீராக விழ வேண்டிய களைக்கொல்லிக்கு விசிறி, இலைகளுக்கு நடுவே நுழைய வேண்டிய பூச்சி மருந்துக்கும் பூஞ்சாண மருந்துக்கும் கூம்பு என்பது பொதுவான பழக்கம்.

எல்லாவற்றையும் பழைய பொருளில் செய்யுங்கள், நாசிலை மட்டும் புதிதாக வாங்குங்கள் என்பது என் கட்சி. அந்தப் பிளவின் ஓரம் மயிரிழை அளவு தேய்ந்தாலும் படலம் ஒரு பக்கம் கனத்து மறு பக்கம் இளைத்துவிடும். அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

புது நாசில் வாங்குவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. சர்வதேசத் தரத்தைப் பின்பற்றும் விசிறி நாசில்களுக்கு ஒரே நிற அடையாளம் உண்டு. 3 பார் அழுத்தத்தில் மஞ்சள் நாசில் நிமிடத்துக்கு சுமார் 0.8 லிட்டர் விடும், நீலம் சுமார் 1.2 லிட்டர், சிவப்பு சுமார் 1.6 லிட்டர். நிறத்தைப் பார்த்தாலே அளவு தெரிந்துவிடுகிறது.

சரி, மஞ்சள் நாசிலில் இன்னும் அதிகம் வேண்டும், பிரஷரைக் கூட்டிக்கொள்ளலாமே? கூட்டலாம், ஆனால் கட்டுப்படியாகாது. ஓட்டம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் அழுத்தம் நான்கு மடங்காக வேண்டும். 3 பாரில் 0.8 லிட்டர் வருகிறது, 1.6 வேண்டும் என்றால் 12 பார். சிவப்பு நாசிலை மாட்டினால் அதே 3 பாரில் வேலை முடிந்தது. பெரிய மோட்டாரைத் தேடி அலைவதற்கு முன் இதை நூறு தடவை சொல்லிக்கொள்ளலாம்.

இதுவரை வந்ததைக் கொஞ்சம் திரட்டிக்கொள்வோம். பம்ப் தள்ளுகிறது, நாசில் தடுக்கிறது, அந்த இழுபறியில் பிறப்பதுதான் பிரஷர். அளவைக் கூட்டவோ குறைக்கவோ நாசிலை மாற்ற வேண்டும், பிரஷரை அல்ல.

புகை மாதிரி அடிக்கிறதே, நல்லதுதானே?

இல்லை. இந்த ஒரு நம்பிக்கையால்தான் பாதி மருந்து காற்றோடு போகிறது.

ஒரு கைப்பிடி மணலையும் ஒரு கைப்பிடி மாவையும் மேலே வீசிப் பாருங்கள். மணல் உடனே விழும். மாவு காற்றில் நின்று, எதிரில் நிற்பவர் மூக்குக்குள் போய்விட்டுத்தான் அடங்கும். துளிகளும் இதே ஜாதி. துளியின் அளவை மைக்ரான் கணக்கில் சொல்வார்கள், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காற்றே அசையாத இடத்தில், 100 மைக்ரான் துளி மூன்று மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர சுமார் 10 விநாடி ஆகும். 20 மைக்ரான் துளிக்கு நான்கு நிமிடத்துக்கு மேல். 5 மைக்ரான் என்றால் ஒரு மணி நேரத்துக்கும் மேல். நான்கு நிமிடம் காற்றில் மிதக்கிற துளி உங்கள் வயலில்தான் விழும் என்று யார் உறுதி சொல்ல முடியும்? வழியிலேயே தண்ணீர் ஆவியாகி மருந்து மட்டும் மிதந்து போவதும் உண்டு. பொதுவாக 150 மைக்ரானுக்குக் கீழே போனால் காற்றோடு போகும் ஆபத்து அதிகம்.

அதே சமயம் சின்னத் துளிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு துளியின் குறுக்களவைப் பாதியாக்கினால் அதே தண்ணீரில் எட்டுத் துளி கிடைக்கும், அதனால் இலையில் கூடுதல் இடங்களில் மருந்து படும். இதனால்தான் ஆள் ஆளுக்கு நுண்துளி நுண்துளி என்கிறார்கள். விஷயம் நடுவில் இருக்கிறது, ரொம்பப் பொடியாகவும் வேண்டாம், சொட்டுச் சொட்டாக வழியவும் வேண்டாம். ஒரே நாசிலில் பிரஷரைக் கூட்டிக்கொண்டே போனால் ஓட்டம் அதிகம் கூடாது, ஆனால் துளி பொடியாகிக்கொண்டே போகும். ஆக, "பவர் அதிகம்" என்று நாம் பெருமைப்படுகிற ஸ்பிரேயர் பெரும்பாலும் பக்கத்து வயலுக்கு மருந்தடிக்கிறது. களைக்கொல்லி என்றால் பக்கத்து வயலோடு சண்டையும் சேர்த்து. களைக்கொல்லிக்கு 1.5 முதல் 2 பாரே தாராளம்.

உங்கள் கால்தான் நான்காவது பாகம்

ஸ்பிரேயர் என்றால் டேங்க், பம்ப், நாசில் என்று எண்ணுவோம். நடை வேகத்தை யாரும் எண்ணுவதில்லை.

மஞ்சள் நாசிலை எடுத்துக்கொள்ளுங்கள், நிமிடத்துக்கு 800 மில்லி. விசிறி தரையில் ஒரு மீட்டர் அகலம் நனைக்கிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 45 மீட்டர் நடந்தால் 45 சதுர மீட்டரில் 800 மில்லி விழும், சதுர மீட்டருக்கு 17.8 மில்லி. ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர், அதனால் ஹெக்டேருக்கு 178 லிட்டர். ஏக்கர் கணக்கில் 72 லிட்டர். அதே ஆள் வெயில் ஏறியதும் அவசரப்பட்டு நிமிடத்துக்கு 60 மீட்டர் நடந்தால்? ஏக்கருக்கு 54 லிட்டர்தான். நாசில் மாறவில்லை, பம்ப் மாறவில்லை, பேட்டரியும் நிறைய இருக்கிறது, ஆனால் பயிருக்குக் கால் பங்கு மருந்து குறைந்துவிட்டது. அப்புறம் "மருந்து சரியில்லை" என்று சொல்லி அடுத்த தடவை டேங்கில் ஒரு மூடி கூடுதலாக ஊற்றுவோம்.

கணக்குப் பிடிக்காதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. வெறும் தண்ணீரை ஊற்றி, பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் அளந்த இடத்தில் எப்போதும் நடக்கிற வேகத்தில் அடியுங்கள். டேங்கில் எத்தனை லிட்டர் குறைந்ததோ அதை நூறால் பெருக்கினால் ஹெக்டேருக்கான தண்ணீர். மருந்து லேபிளில் உள்ள அளவை அந்தத் தண்ணீரில் பங்கு பிரித்துக்கொள்ளலாம்.

இப்போது பம்புக்கு வருவோம்

நாசில் முடிவாகிவிட்டது, நிமிடத்துக்கு 0.8 லிட்டர், 3 பார். இதற்கு எவ்வளவு சக்தி வேண்டும் தெரியுமா? கணக்குப் போட்டால் 4 வாட். ஒரு சின்ன எல்இடி பல்ப் இதைவிட அதிகம் தின்னும். பம்பிலும் மோட்டாரிலும் வீணாவதையெல்லாம் சேர்த்தால்கூட சில மடங்குதான் ஏறும். ஒற்றை நாசிலுக்காக குதிரைத்திறன் கணக்கில் மோட்டார் தேடுபவர்களைப் பார்த்தால் எனக்கு இந்த 4 வாட்தான் நினைவுக்கு வரும்.

பம்புகளில் நமக்குத் தெரிய வேண்டியது இரண்டு ஜாதி. வாளித் தண்ணீரைக் கையால் வேகமாகச் சுழற்றினால் ஓரத்தில் ஏறும் அல்லவா, அதே தத்துவத்தில் இறக்கை சுழன்று தண்ணீரை வெளியே எறிவது ஒன்று. மீன் தொட்டி பம்ப், வாஷிங் மெஷின் பம்ப், நான் கொன்ற அந்தக் கண்ணாடி மோட்டார் எல்லாம் இது. நிறையத் தண்ணீர் தள்ளும், ஆனால் இந்த அளவு பம்புகள் தடை வந்தால் உள்ளேயே சும்மா சுற்றும், பிரஷர் ஏறாது. வாஷிங் மெஷின் பம்புக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு, அது வீட்டு மின்சாரத்தில் ஓடுகிற வகை. ஈரக் கையோடு, ஈர வயலில், அதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று டயாபிரம் பம்ப். ஒரு ரப்பர் ஜவ்வு முன்னும் பின்னும் போய்வந்து, ஒவ்வொரு தடவையும் ஒரு மடக்குத் தண்ணீரை உள்ளே இழுத்துத் தள்ளும். திரும்பி வராமல் இருக்க ஒருவழி வால்வுகள் இருக்கும். நம் சிரிஞ்சின் சொந்தக்காரன் இதுதான், தடை வந்தால் பிரஷர் ஏறும். குடிநீர் சுத்திகரிக்கும் மெஷினில் இருக்கும் பூஸ்டர் பம்ப் இந்த வகை. அதன் ஓட்டம் குறைவு, ஆகவே ஒரு சின்ன நாசிலுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலானவை 24 வோல்ட் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஸ்பிரேயர்களிலேயே வருகிற 12 வோல்ட் டயாபிரம் பம்ப் பழுதில்லாமல் கிடைத்தால் மற்றதைத் தேட வேண்டியதில்லை.

வண்டியின் பெட்ரோல் பம்பை மாட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அதைக் குளிரவைப்பதும் வழவழப்பாக வைப்பதும் அதன் வழியே ஓடும் எரிபொருள்தான். தண்ணீரில் துருப்பிடித்துச் சீக்கிரம் இறுகிவிடும்.

உண்மையைச் சொன்னால், பழைய பொருள்களிலேயே மிகச் சிறந்தது எங்கோ மூலையில் கிடக்கிற உடைந்த கைத்தெளிப்பான்தான். டேங்க், பட்டை, லான்ஸ் என்கிற நீண்ட தெளிப்புக் குழாய், கைப்பிடி வால்வு எல்லாம் அந்த வேலைக்கென்றே செய்தவை. தேய்ந்த கைப்பம்பைக் கழற்றிவிட்டு டயாபிரம் பம்பை வைத்தால் முக்கால் வேலை முடிந்தது.

பம்ப் டக் டக் என்று விட்டு விட்டு ஓடினால்

முதல் தடவை செய்பவர்கள் எல்லோரும் மாட்டுவது இங்கேதான். பம்ப் நிமிடத்துக்கு மூன்று லிட்டர் தர ஆசைப்படுகிறது, நாசில் 0.8 லிட்டர்தான் விடுகிறது. அழுத்தம் ஏறி உச்சத்தைத் தொட்டதும் பம்பில் இருக்கும் பிரஷர் சுவிட்ச் மோட்டாரை நிறுத்தும். அழுத்தம் இறங்கியதும் மறுபடி ஓட்டும். விசிறி பெரிதாகிச் சிறிதாகித் துடிக்கும், சுவிட்சும் சீக்கிரம் கருகும்.

மருந்து எளிது. பம்புக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு டி வடிவ இணைப்பைப் போட்டு, சின்ன வால்வு ஒன்றை வைத்து, அதிலிருந்து ஒரு ஹோஸைத் திரும்ப டேங்குக்கே விடுங்கள். இதைப் பைபாஸ் என்பார்கள். வால்வைத் திறக்கத் திறக்க, மிச்சத் தண்ணீர் டேங்குக்குத் திரும்பிப் போகும், நாசிலில் பிரஷர் நிலையாக நிற்கும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், திரும்பி வரும் தண்ணீர் டேங்கின் அடியில் கலக்கிக்கொண்டே இருக்கும் என்பது. நனையும் கந்தகம் போன்ற தூள் மருந்துகள் தண்ணீரில் கரைவதில்லை, மிதந்து நிற்கின்றன, விட்டால் அடியில் தங்கிவிடும். கலக்கல் இல்லாவிட்டால் முதல் வரிசைக்குச் சேறும் கடைசி வரிசைக்குத் தண்ணீரும் போகும்.

பிரஷர் மீட்டர் இல்லையா? புது நாசிலே மீட்டர்தான். மஞ்சள் நாசிலின் கீழே அளவுக் குவளையை ஒரு நிமிடம் பிடியுங்கள். 800 மில்லி என்றால் 3 பார், 650 மில்லி என்றால் 2 பார். வேண்டிய அளவு வரும்வரை பைபாஸ் வால்வைத் திருப்பி, அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

இந்தப் பகுதியின் சாரம்: சின்ன டயாபிரம் பம்ப் போதும், மிச்ச ஓட்டத்தைப் பைபாஸ் தின்றுகொள்ளும், அளவுக் குவளை உண்மையைச் சொல்லும்.

காற்று அடைத்த பாட்டில் வேண்டவே வேண்டாம்

மோட்டாரே இல்லாமல், பெரிய பாட்டிலிலோ பிவிசி குழாயிலோ சைக்கிள் பம்பால் காற்றடித்து ஸ்பிரேயர் செய்வதைச் சிலர் காட்டுகிறார்கள். தண்ணீரை அமுக்கினால் அது சுருங்குவதே இல்லை என்று சொல்லலாம். அதனால் தண்ணீர் மட்டும் இருக்கிற குழாய் வெடித்தால் கொஞ்சம் சீறிவிட்டு அடங்கிவிடும். காற்று அப்படியல்ல, அது ஸ்பிரிங் மாதிரி சுருண்டு சக்தியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், விட்டுப்போனால் மொத்தத்தையும் ஒரே நொடியில் கொட்டும். வெயிலில் கிடந்த பிவிசி சில்லுச் சில்லாகச் சிதறும், அதோடு உள்ளே இருப்பது விஷம். காற்றடிக்கும் வகைதான் வேண்டுமென்றால் அதற்கென்றே செய்து, பாதுகாப்பு வால்வு வைத்த டேங்கை மட்டும் எடுங்கள்.

டேங்க், ரப்பர், பேட்டரி

டேங்குக்குத் தடித்த பிளாஸ்டிக் கேன் நல்லது. இரும்பு, தகரம், துத்தநாகம் பூசிய டின் எதுவும் ஆகாது. மயில்துத்தம் கலந்த போர்டோ கலவையை இரும்பில் வைத்தால் தாமிரம் இரும்பின் மேல் படிந்து இரும்பு அரித்துப்போகும். கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியைத் துத்தநாகம் பூசிய பாத்திரத்தில் வைத்தால் தீப்பிடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயு வரும். மூடியில் ஒரு காற்று ஓட்டை இருக்கட்டும், இல்லாவிட்டால் தண்ணீர் குறையக் குறையக் கேன் ஒட்டிப்போய் பம்ப் திணறும்.

வாஷரும் ஜவ்வும் எந்த ரப்பர் என்பது முக்கியம். எண்ணெய் போன்ற கரைப்பானில் வருகிற, தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி வெளுக்கிற மருந்துகள் சாதாரண ரப்பரையும் ஈபிடிஎம் ரப்பரையும் ஊதவைத்துவிடும். வைட்டான் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள்.

பம்ப் சத்தம் போடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் உறிஞ்சும் பக்க ஹோஸைப் பாருங்கள். அங்கே கசிவு இருந்தால் தண்ணீர் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும், அதனால் கண்ணுக்குத் தெரியாது. கிளாம்பை இறுக்கினாலே பாதி நேரம் சரியாகிவிடும். உறிஞ்சும் முனையில் ஒரு வலை வடிகட்டி, நாசிலுக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் இன்னொன்று.

பேட்டரிக்கு யுபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி பொருந்தும். பம்ப் 3 ஆம்பியர் இழுத்தால் காகிதத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வரும், ஆனால் ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும், ஆகவே ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் போடாமல் ஓட்டாதீர்கள்.

முதல் தடவை ஓட்டும்போது

வெறும் தண்ணீரில் அரை மணி நேரம் ஓட்டிக் கசிவு பாருங்கள். முதுகில் மாட்டுவதாக இருந்தால் 20 லிட்டர் என்பது தண்ணீர் மட்டுமே 20 கிலோ என்பதை டேங்கைத் தேர்ந்தெடுக்கும்போதே நினைத்துக்கொள்ளுங்கள். மருந்து ஊற்றுவதற்கு முன் கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை. அடித்து முடித்ததும் மூன்று தடவை கழுவி, ஒவ்வொரு தடவையும் நாசில் வழியாகவே வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் ஹோஸுக்குள் பழைய மருந்து நிற்கும். களைக்கொல்லிக்குத் தனி ஸ்பிரேயர் வையுங்கள். 2,4-டி போன்றவை கழுவிய பிறகும் ரப்பரிலும் ஹோஸிலும் ஒட்டிக்கொண்டிருக்கும், அடுத்த முறை தக்காளிக்கோ பருத்திக்கோ அடிக்கும்போது இலை சுருண்டுவிடும்.

நாசில் அடைத்தால் வாயால் ஊதாதீர்கள், கம்பியாலும் குத்தாதீர்கள், பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். முதல் நாள் ஒரு நிமிடத்தில் வந்த மில்லி அளவை அழியாத மையில் டேங்கின் மேல் எழுதிவையுங்கள். அவ்வப்போது அதே பைபாஸ் கோட்டில் வைத்து அளந்து பாருங்கள். 800 என்று எழுதிய இடத்தில் 880 வர ஆரம்பித்தால், ஸ்பிரேயருக்குப் பலம் கூடிவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம். நாசில் தேய்ந்துவிட்டது, புதிது மாற்றுங்கள்.